இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

செம்மண்டலம், கடலூர்
11.2.2007

அன்புள்ள தங்கச்சி ஜான்சிக்கு,

அண்ணன் தேவசகாயம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் அண்ணி அமிர்தமும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை செம்பியனும் மருமகள் ஜெயராணியும் சுகம்தானே? மாப்பிள்ளையின் முழங்கால் வலி தேவலையா? டிரில் மாஸ்டர் என்றால் விசில் ஊதிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறேன் என்று நாற்பத்தைந்து வயதில் தானே மண்ணில் உருண்டால் முழங்கால் என்ன செய்யும்?

போன ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று தரம் போன் செய்ததாக அமிர்தம் சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே. செம்மங்குப்பத்தில் கம்பெனிக்குள் டவர் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் சார்ஜ் நிற்பதில்லை. அப்படியே கிடைத்தாலும் போனில் என்ன பேச முடிகிறது? சாப்பிட்டாயா, தூங்கினாயா, வைக்கட்டுமா, அவ்வளவுதான். கடிதம் போடு. ரேடியோவில் நேயர் விருப்பத்துக்கு வாரம் தவறாமல் கார்டு போட்ட வீடு நம்முடையது. உன் பெயரை ஏழு தரம் வாசித்தார்கள். என் பெயரை ஒரே ஒரு தரம், அதுவும் தேவசகாயி என்று. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நேற்று ரிக்கார்டுகளை எல்லாம் இறக்கித் துடைத்தேன். மஞ்சக்குப்பம் சவுண்ட் சர்வீஸ்காரர் தொழிலை விட்டபோது மொத்தமாக வாங்கினேனே, அந்த அறுபத்து மூன்று பிளேட். முப்பது வருஷமாகக் கேட்டதில் நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ரிக்கார்டிலும் இரண்டாம் பக்கம்தான் நல்ல பக்கம். முதல் பக்கத்தில் தயாரிப்பாளர் கேட்ட பாட்டு இருக்கும். இரண்டாம் பக்கத்தில்தான் இசையமைப்பாளர் தனக்குப் பிடித்ததைப் போட்டிருப்பார். பழைய பாட்டுகளில் புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். இப்போது வருகிற பாட்டுகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. பொங்கலுக்கு வந்தவை எல்லாமே அருமை. எல்லோருமே நன்றாகப் பாடுகிறார்கள்.

பதில் எழுது. எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன் தேவசகாயம்

*

சிதம்பரம்
25.3.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜான்சி எழுதிக்கொண்டது. உடம்பு விஷயத்தில் எல்லோரும் சுகம். மற்ற விஷயத்தில் நேற்று முன்தினத்திலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சுகமில்லை. உலகக் கோப்பை கிரிக்கெட் என்று ஒரு மாதமாக நாங்கள் ஆடி ஓடிச் சாமான் வாங்கி வைத்தால், நம் ஆட்கள் முதல் சுற்றிலேயே திரும்பி வருகிறார்கள். நான் ஆபீஸுக்கு லீவு போடலாமா என்று பார்த்தேன். உன் மாப்பிள்ளைக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். "இதுக்குத்தான் கபடியப் பாருங்கறது. தோத்தாலும் அரை மணி நேரத்துல தோத்துடலாம்" என்கிறார்.

உன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "மச்சானுக்குக் காய்ச்சலா?" என்று உன் மாப்பிள்ளை கேட்டார். பின்னே? என் கல்யாணத்தில் கோயில் வாசலில் பேண்டு செட்டையே நிறுத்தி, கிளாரினெட்காரரிடம் "சுருதி சேரலை, சேத்துட்டு வாசிங்க, பொண்ணு நிக்கட்டும்" என்றவன் நீ. பத்து நிமிஷம் நான் மாலையோடு வெயிலில் நின்றேன். அந்த ஆள் இன்றைக்கு, எல்லோரும் நன்றாகப் பாடுகிறார்கள் என்று எழுதினால் யார் நம்புவது? வயதானால் நாக்கு மழுங்கிவிடுமா அண்ணா?

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். ஆகஸ்டில் நெய்வேலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெல்லிசைப் போட்டி வைக்கிறார்கள். ஜெயராணிக்கு ஆசை. பாட்டு வாத்தியார் போகலாம் என்கிறார், நான் போகலாம் என்கிறேன், இவள் கேட்டால்தானே. "மாமா கேட்டுட்டு சரின்னு சொன்னாத்தான் பேர் குடுப்பேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அவளுக்கு உன் காதுதான் காது. போனில் பாடட்டுமா என்றாள். நீதான் எடுப்பதில்லையே.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
ஜான்சி

*

செம்மண்டலம்
29.4.2007

அன்புள்ள ஜான்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லாம் நலம். அண்ணாகிராமத்திலிருந்து அமிர்தத்தின் தம்பி பலாப்பழம் கொண்டுவந்தான். ஒன்றை உனக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்பலாம் என்றால், கண்டக்டரே பாதியைத் தின்றுவிடுவார் என்கிறாள் உன் அண்ணி. விடுமுறையில் வாருங்கள்.

கிரிக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். டி.வி.யில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார். ரொம்ப நல்ல ஆட்டம். அந்தப் பேச்சும் கூச்சலும்தான் அதைக் கெடுக்கிறது. நான் இப்போது எல்லா ஆட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். பாட்டுப் போட்டி நிகழ்ச்சியும் பார்க்கிறேன். பச்சைத் தாவணி போட்டு ஒரு பெண் வருகிறாளே, அவள்தான் ஜெயிப்பாள். நிற்கிற நிலையிலேயே தெரிகிறது.

ஜெயராணி விஷயம். பாட்டு வாத்தியார் சொல்லும்போது நான் எதற்கு? நான் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன். அவர் படித்தவர். அவர் சொல்வதைக் கேட்கச் சொல். பிள்ளையை நான் ஏதாவது கடிந்து எழுதி அவள் மனசு நொந்தால் நன்றாகவா இருக்கும்? ரொம்பவும் கேட்கிறாள் என்றால், கேசட்டில் பதிந்து அனுப்பு. அவசரமில்லை.

உன் அண்ணன்
தேவசகாயம்

*

சிதம்பரம்
24.6.2007

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். அண்ணியின் இடுப்பு வலிக்குத் தைலம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

கேசட்டும் வைத்திருக்கிறேன். மேல வீதி ரெக்கார்டிங் கடையில் பதிந்தது. முதல் பக்கம் முழுக்க உனக்குப் பிடித்த பழைய பாட்டுகள், ஆறு. இரண்டாம் பக்கத்தில் புதுசு இரண்டு. மூன்றாவது பாட்டு ஜெயராணி. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் கீபோர்டு வைத்து எடுத்தோம். பாடுகிற வரைக்கும் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், பிள்ளை தொப்பலாக நனைந்துபோனாள். பட்டியலை அட்டையில் வரிசையாக எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கம்தான் நல்ல பக்கம் என்று நீ எழுதியதால், அவளே அங்கே போடச் சொன்னாள்.

பேர் கொடுக்க ஜூலை இருபதுதான் கடைசி. உண்மையை எழுது அண்ணா. பேண்டு செட்டுக்குச் சொன்ன மாதிரியே சொல், போதும்.

அன்புடன்
ஜான்சி

*

செம்மண்டலம்
8.7.2007

அன்புள்ள ஜான்சிக்கும் என் செல்ல மருமகளுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். தைலம் வந்தது, அமிர்தத்துக்குக் கேட்கிறது. கேசட்டும் வந்தது. உட்கார்ந்து இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டேன்.

முதல் பக்கத்தைப் பற்றி என்ன சொல்ல? மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்து வயலின் கூட்டமாக உள்ளே வருகிற இடத்துக்காக ஆஸ்தியை எழுதி வைக்கலாம். நாலாவதில் தபேலாக்காரர் கொஞ்சம் முந்துகிறார் என்று நான் எண்பத்து மூன்றிலிருந்தே சொல்லிவருகிறேன். ரிக்கார்டிங் சுத்தமாக இருக்கிறது. கடைக்காரருக்கு என் பாராட்டைச் சொல்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. ஜெயராணி, தேன் மாதிரி குரல் கண்ணு உனக்கு. சுருதி அப்படியே நிற்கிறது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. இப்படியே பாடு, எதையும் மாற்றாதே. தைரியமாகப் பேர் கொடு.

ஆசீர்வாதங்களுடன்
உன் மாமா தேவசகாயம்

*

சிதம்பரம்
22.7.2007

அண்ணா,

நீ நலமா என்று இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

போன வியாழக்கிழமை ஆபீஸ் விட்டுக் கீழ வீதியில் வந்துகொண்டிருந்தேன். ஜவுளிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி பேனரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர் வைத்து ஒரு ஆட்டோ வந்தது. அந்தக் குழாயில் நம் ஜெயராணி பாடுகிறாள்! குறுக்கே போய் நின்று ஆட்டோவை மறித்தேன். அந்த ஆள் பாவம், கையெடுத்துக் கும்பிட்டார். "யக்கா, நானும் காலையிலேருந்து வாங்க வாங்கன்னு எப்ப வரும்னு பாத்துக்கினே ஓட்டறேன். பாட்டாவே வருது. ஓனரு திட்டறாரு" என்றார்.

நேரே மேல வீதிக் கடைக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு கேசட்டையும் ஒன்றாகப் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாராம். அட்டை மாறிப்போயிருக்கிறது. "அப்ப உங்க அண்ணனுக்குப் போனது தள்ளுபடி கேசட்டுங்க. ரெண்டு பக்கமும் அதேதான், 'அலைகடலெனத் திரண்டு வாரீர்'னு" என்றார் கடைக்காரர். அதற்குள் நாலு வீதியும் ஜெயராணியின் பாட்டைக் கேட்டு முடித்துவிட்டது. அவள் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள்.

வயலின் எங்கே வந்தது அண்ணா? சுருதி எங்கே நின்றது? கேசட்டை மிஷினில் போடக்கூட உனக்கு நேரமில்லை. அட்டையைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாய். வேலை ஜாஸ்தி, முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கோபித்துக்கொள்ளவா போகிறேன்? அந்தப் பிள்ளை உன் கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நேற்று முன்தினம் பேர் கொடுத்தாகிவிட்டது. கடைக்காரர் தன்னிடம் இருந்த பிரதியை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். உனக்குப் போனது வேறு கேசட் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஜான்சி

*

சிதம்பரம்
30.9.2007

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகப் பதிலில்லை. அண்ணியும் நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

போன திங்கட்கிழமை நாம் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தோம். கடைசி ஓவரில் நான் நாற்காலியில் ஏறி நின்றேன். தெருவே வெடி வெடித்தது. உனக்குப் போன் செய்ய எடுத்து, எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

நெய்வேலிப் போட்டி ஆகஸ்ட் பதினொன்றில் நடந்தது. ஜெயராணி நீ சொன்ன மாதிரியே எதையும் மாற்றாமல் பாடினாள். இரண்டாவது சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள். திரும்பி வரும் வழியில் பஸ் புவனகிரி தாண்டும்போது, "மாமா சரின்னு சொன்னாரேம்மா" என்றாள். அப்போதுதான் கேசட் மாறியதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் பாடுவதே இல்லை. கொல்லையில் துணி காயப் போடும்போதுகூட வாயைத் திறப்பதில்லை.

உன் பேரில் மட்டும் குற்றம் சொல்லவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, பாதி என்னுடையது. ஆனால் நீ ஏன் அப்படி எழுதினாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நீ அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை அண்ணா. ஒரு கார்டாவது போடு.

ஜான்சி

*

செம்மண்டலம்
14.10.2007

அன்புள்ள ஜான்சிக்கு,

அண்ணி அமிர்தம் எழுதுவது. எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள், நான் கடிதம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். சரீர சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் அண்ணன் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அவருக்குத் தெரியாது.

உன் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது ஜான்சி. மூன்று வருஷமாக. நான் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். கோயிலில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தால் எழுந்திருக்கிறார். போனை எடுப்பதில்லை என்று நீ கோபப்பட்டாயே, எடுத்தாலும் விளங்காது. யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்தக் கேசட் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். 'வாங்க, வாங்க, சேலைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேசட் மாறிப்போச்சு என்று சொல்லக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன். அவர் டேப் ரிக்கார்டர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மற்றக் கையில் நீ எழுதின அட்டை. இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஓடி முடிகிறவரை நான் அங்கேயே நின்றேன். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறார். நீயாக எதுவும் கேட்காதே. அவரே எழுதுவார். எழுத வைக்கிறேன்.

அமிர்தம்

*

செம்மண்டலம்
18.11.2007

என் அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. அமிர்தம் எழுதிவிட்டாள் என்று நேற்றுச் சொன்னாள். முதலில் கோபம் வந்தது. பிறகு இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கம்ப்ரஸர் ரூமில் இருபத்திரண்டு வருஷம். காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். நான்தான் கழற்றி வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் மிஷினில் எங்கே தட்டுகிறது என்று தெரியாது. சத்தத்தை வைத்தே வால்வு கோளாறு சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயருக்காகக் காதைக் கொடுத்துவிட்டேன். முதலில் வயலின் போனது. மேலே போகப் போகக் காணாமல் போகும். ரிக்கார்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்து முள்ளை மூன்று தரம் மாற்றினேன். அப்புறம் பெண்கள் குரல். அப்புறம் உன் குரல்.

புதுப் பாட்டைப் பற்றி நான் எழுதியதெல்லாம் பத்திரிகையில் படித்தது. பழைய பாட்டு எல்லாம் மனசில் இருக்கிறது, அதைப் போட்டுக் கேட்க மிஷின் வேண்டாம். அன்றைக்குப் பெட்டியில் கை வைத்தபோது அதிர்வு தெரிந்தது. தள்ளுபடி விளம்பரத்துக்குப் பின்னால் மேளம் இருந்திருக்கும் போல. நான் அதை உன் பட்டியல் பாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். ஜனவரியில் கம்பெனியில் காதுப் பரிசோதனை வரும். மணி கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். இரண்டு வருஷமாக மணி அடிக்கிறவர் முகத்தைப் பார்த்தே கையைத் தூக்கித் தப்பித்தேன். அதைவிடப் பெரியது வெட்கம். நம் வீட்டில் நீ படித்தாய். நான் படிக்கவில்லை, கேட்டேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஜெயராணிக்கு நான் செய்தது பெரிய பாவம். என் குறையை மறைக்க அந்தப் பிள்ளையை மேடையில் நிற்க வைத்துவிட்டேன். மாமாவை மன்னிக்கச் சொல். எனக்குக் கேட்கவில்லை கண்ணு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், கை வரவில்லை.

காது மிஷின் வைக்கலாம் என்று அமிர்தம் சொல்கிறாள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருத்தர் வைத்திருக்கிறார். அது கூ என்று ஊளையிடும், பிள்ளைகள் சிரிக்கும். எனக்கு வேண்டாம்.

தேவசகாயம்

*

சிதம்பரம்
9.12.2007

என் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது. மூன்று வருஷம் என்னிடம் மறைத்திருக்கிறாய். சார்ஜ் நிற்கவில்லையாம், டவர் கிடைக்கவில்லையாம்! நானும் நம்பி உனக்குப் புதுச் சார்ஜர் வாங்கி வைத்தேன்.

கேட்கவில்லை என்றால் நாலு தரம் சொல்கிறேன். உன் மாப்பிள்ளைக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, பதினேழு வருஷமாக அவருக்கும் நாலு தரம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

உன் கடிதத்தை ஜெயராணியிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "மாமா நான் பாடினத கேக்கவே இல்லல்ல. அப்ப நல்லா இருக்கா இல்லியான்னு இன்னும் யாரும் சொல்லலம்மா" என்றாள். கேட்டுக்கொண்டாயா? அவள் உன்னிடம் கேட்டது இன்னும் பாக்கி நிற்கிறது. நீ மிஷின் வைக்க மாட்டேன் என்றால் அவளும் பாட மாட்டாள். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு ஊரில் உட்காருங்கள்.

மாப்பிள்ளை காது டாக்டரிடம் இருபத்தேழாம் தேதிக்குச் சொல்லி வைத்துவிட்டார். "முழங்காலுக்கு நான் பட்டை போட்டுக்கினுதான கிரவுண்டுல நிக்கறேன். எந்தப் பொண்ணாவது சிரிச்சுதா? மச்சான வரச் சொல்லு" என்கிறார். கம்பெனியில் நீயே போய்ச் சொல்லிவிடு. பரிசோதனையில் பிடிபடுவதற்கு முன்னால் நீயாகச் சொன்னால் மரியாதை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அண்ணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வா.

உன் தங்கை
ஜான்சி

*

செம்மண்டலம்
27.4.2008

அன்புள்ள ஜான்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். அங்கே அனைவரும் சுகமா? நாலு மாதம் கழித்து எழுதுகிறேன் என்று திட்டாதே. டாக்டர் சொன்னபடி மிஷின் பழகட்டும் என்று காத்திருந்தேன்.

கம்பெனியில் நானே போய்ச் சொன்னேன், ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயந்தது வீண். போல்ட், வாஷர், கேஸ்கெட் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய இடத்தை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் காதுக்கு நிம்மதி.

மிஷின் வைத்த முதல் வாரம் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா? தட்டு கழுவினால் தலைக்குள் இடிக்கிறது. அமிர்தம் பேசினாள். அவள் குரல் கம்மிப்போயிருக்கிறது. எப்போதிலிருந்து என்றேன். "உங்ககிட்ட கத்திக் கத்தித்தான்" என்றாள். அன்றைக்கு முழுக்க அவளைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாட்டு பழைய மாதிரி இல்லை. மறைக்காமல் சொல்கிறேன். வயலின் தகரத்தை உரசுகிற மாதிரி வருகிறது. உச்சியில் இருப்பது இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நடுவில் இருக்கிற குரல் மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதற்கே தினம் ஜெபம் பண்ணுகிறேன்.

டாக்டரைப் பார்க்க வந்தபோது நீ கையில் கொடுத்தனுப்பிய சரியான கேசட்டைப் போன மாதம்தான் போட்டேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டை இதுவரை பதினைந்து தரமாவது கேட்டிருப்பேன். இனி வருவது ஜெயராணிக்கு.

ஜெயராணி, ஆறு கட்டை சுருதியில் எடுத்திருக்கிறாய். உன் குரலுக்கு அது ஜாஸ்தி. யார் சொல்லி எடுத்தாய்? ஐந்து போதும். நெய்வேலியில் உடைந்தது உன் குரல் இல்லை, அந்தக் கட்டைதான் உன்னை உடைத்தது. அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். முதல் சரணத்தில் மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையை நடுவில் வெட்டி மூச்சு வாங்குகிறாய். அது பாவம். பல்லவியின் கடைசியில் சுருதி ஒரு நூல் இறங்குகிறது. இரண்டாம் தடவை பல்லவி வரும்போது சிரித்துக்கொண்டே பாடுகிறாய், கேட்டாலே தெரிகிறது, சோகப் பாட்டில் என்ன சிரிப்பு? கீபோர்டு வாசித்த மனிதரை நான் சந்திக்க விரும்பவில்லை. மொத்தத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து போடுவேன். அதில் ஐந்து மருமகள் என்பதற்காக.

குரல் நல்ல குரல். இதை மட்டும் போன தடவை சும்மா எழுதினேன். இப்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் மாமா
தேவசகாயம்

*

சிதம்பரம்
4.5.2008

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐம்பத்தைந்து! என் பிள்ளைக்கு ஐம்பத்தைந்து போட்டிருக்கிறாய், பாவி! நான் கடிதத்தைத் தெருவில் நின்றே படித்துவிட்டு, வீட்டுக்குள் போய் உன் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன். அவர் அரண்டுபோனார். சாயந்திரம் கேசரி கிண்டினேன்.

ஜெயராணி கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அரை மணி நேரம் அழுதிருப்பாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "மாமா சொல்றது எல்லாம் சரியில்லம்மா" என்று ஆரம்பித்தாள். இராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நிறுத்தவில்லை. மிச்சத்தை அவளே எழுதுகிறாள்.

மாமாவுக்கு ஜெயராணி எழுதுவது. ஐந்து கட்டையில் பாடிப் பார்த்தேன், சரியாக வருகிறது. அதில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் பல்லவியில் சுருதி இறங்கவில்லை. அது கீபோர்டு. வாத்தியாரிடமும் கேட்டுவிட்டேன். சோகப் பாட்டில் சிரித்தது, நீங்கள் கேட்டுச் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்ததால். இந்த வருஷமும் ஆகஸ்டில்தான் போட்டி. சனிக்கிழமை அப்பாவோடு கடலூர் வருகிறேன். கேசட் வேண்டாம், எதிரில் நின்று பாடுகிறேன். நீங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பேர் கொடுப்பேன்.